கழுத்தின் முன்பக்கம் எந்தப் பிரிவு?

படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு இரண்டு. அவற்றுக்கு மேலே 'கடைசி மாதவிலக்குத் தேதி' என்று அச்சிட்டிருந்தது. மோட்டாரக்கா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். அந்த ஆறு கட்டங்களில் என்ன எழுதுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

நகரத்துக் குடிநீர் ஏற்று நிலையத்தில் மூன்று பெரிய மோட்டார்களைப் பதினான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவள் என்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தைந்து. எண்களைக் கண்டு பயப்படுகிறவள் அல்ல. அழுத்தம், ஓட்டம், மட்டம் என்று ஒரு நாளைக்கு நூற்றிருபது எண்களைப் பதிவேட்டில் ஏற்றுகிறவள். ஆனால் அவள் உடம்பு கொடுக்கும் எண்கள் எந்தப் பதிவேட்டுக்கும் அடங்குவதாக இல்லை. எழுபது நாள் எட்டியே பார்க்கவில்லை. பிறகு வந்தது, பதினெட்டு நாள் போனது. ஆறு நாள் ஓய்வு. மறுபடி ஆரம்பித்து இன்றைக்குப் பதினோராம் நாள். கறுப்புப் பேன்ட்டைத் தவிர வேறெதையும் போட முடியவில்லை. பையில் மாற்று உடையும் பழைய செய்தித்தாளும் இல்லாமல் எங்கேயும் உட்கார முடியவில்லை.

முகப்பில் டோக்கன் கொடுப்பவரிடம் படிவத்தை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"தேதி எங்கம்மா?"

"இன்னும் நிக்கலைங்க. ஆரம்பிச்ச தேதி போடட்டுமா?"

"முடிஞ்ச தேதிதான் போடணும். முடிஞ்சாத்தானே அது கடைசி? ஓடிக்கிட்டு இருக்கறது நடப்பு. நடப்புக்கு இங்க கட்டம் இல்ல."

"அப்ப போன தடவை முடிஞ்ச தேதியைப் போட்டுடறேன்."

"அதுக்கப்புறம் ஒண்ணு வந்திருச்சே? அது எப்படிக் கடைசியாகும்? முந்தினது ஆயிடுச்சு." அவர் குரலில் கோபமே இல்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமைதான் இருந்தது. "நின்ன பிறகு வாங்கம்மா."

"நிக்க மாட்டேங்குதுன்னுதாங்க வந்திருக்கேன்."

"அது உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது. உள்ள போகணும்னா தேதி வேணும். அடுத்தவங்க வாங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் பித்தளை எழுத்துகளில் மருத்துவமனையின் கொள்கை பளபளத்தது: ஒரு நோயாளி, ஒரு புகார், ஒரு பிரிவு.

அடுத்த ஐந்து நாளும் மோட்டாரக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் தலை சுற்றும். மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் முன்பெல்லாம் நாற்பது படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறுவாள். இப்போது மூன்றாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் விசிறியைத் தேடும் வெயிலில் அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது. இரண்டாம் நம்பர் மோட்டாரின் சூடான உடம்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சுகம்.

"உங்க ஆபீஸ் ஆளுங்க போன் பண்ணினாங்க" என்றான் பேருந்து ஓட்டும் அவள் கணவன். "நாள் பூரா மோட்டாரைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறியாமே. எனக்கு இப்பதான் பயம் வருது."

"அது கேள்வி கேக்காது. சூடா இருக்கும். அவ்வளவுதான்."

"நானும் சூடாத்தான் இருக்கேன்."

"நீ பேசுவ."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வருஷம் குழந்தையைப் பத்தி முடிவு பண்ணலாம்னு சொன்னோமில்ல, அதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடு" என்றான். ஏழு வருடமாக 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இந்த வருடம்தான் முதல் முறையாக 'இந்த வருஷம்' என்று சொல்லியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் நின்றது. மறுநாள் காலையே ஓடினாள். ஆறு கட்டங்களையும் அழகாக நிரப்பினாள். டோக்கன்காரர் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்பதுபோல் தலையசைத்து உள்ளே விட்டார்.

மாதச் சுழற்சிப் பிரிவின் டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "இப்ப ரத்தப்போக்கு இருக்கா?"

"இப்ப இல்லைங்க. நேத்துதான் நின்னுது."

"அப்ப என்ன புகார்?"

"வந்தா நிக்கல, நின்னா வரலை டாக்டர். ஒரு ஒழுங்கே இல்லை."

"ஒழுங்கு இல்லைங்கறதை ஒழுங்கா நிரூபிக்கணுமில்லையா? தொடர்ந்து மூணு மாசம், மாசத்துல ஒரே தேதியில வந்து பதிவு பண்ணுங்க."

"ஒரே தேதியில வந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?"

"பார்த்தீங்களா, நீங்களே சொல்றீங்க." டாக்டரம்மா முதல் முறையாக நிமிர்ந்தார். மோட்டாரக்காவின் வெளிறிய உதடுகளைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "ரத்தம் கம்மியா இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை தர்றேன். வேற ஏதாவது தொந்தரவு?"

மோட்டாரக்கா கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் பழக்கம் உள்ளவள். குளிர்கிறது, முடி கொட்டுகிறது, சாப்பாடு அதே அளவுதான், ஆனால் எட்டு கிலோ ஏறிவிட்டது, குரல் கட்டிப்போனது, படுத்தால் எழுந்திருக்கவே தோன்றுவதில்லை என்று வரிசையாகச் சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இதெல்லாம் ஒரே ஆளுக்கா? ஒரு நோயாளிக்கு ஒரு புகார்தான் அனுமதி. நீங்க இப்ப ஆறு பேர் ஆயிட்டீங்க."

ஆறு நிறத்தில் ஆறு சீட்டுகளை அவள் கையில் திணித்தார்கள். மருத்துவமனையில் அவளுக்கு ஆறு எண்கள், ஆறு கோப்புகள். முடி கொட்டும் பெண் யாரென்று குளிரெடுக்கும் பெண்ணின் கோப்புக்குத் தெரியாது. அவள் ஒரு மாடி ஏறி ஒரு மாடி இறங்கி, மஞ்சள் சீட்டோடு போய்ப் பச்சைச் சீட்டோடு திரும்பி, நாள் முழுக்க நடந்தாள். எடைப் பிரிவில் குறைவாகச் சாப்பிடச் சொன்னார்கள். சோர்வுப் பிரிவில் நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். இருவருமே அடிக்கோடிட்டுக் கொடுத்தார்கள்.

தொண்டைப் பிரிவில்தான் ஒரு விசித்திரம் நடந்தது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்ல."

"வெளியில, இந்தக் கழுத்துக்கு முன்னாடி, லேசா வீங்கின மாதிரி இருக்குங்க. சட்டைக் காலர் பட்டன் போட முடியலை." அவள் கழுத்தின் குழிக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, தொண்டைக்கு உள்பக்கம்தான் எங்க பிரிவு. வெளிப்பக்கம் தோல் பிரிவு. நான் தொட்டா அத்துமீறல்."

தோல் பிரிவில், "தோல் நல்லா இல்லை. வறண்டிருக்கு. களிம்பு தர்றேன். வீக்கம் தோலுக்கு அடியில இருக்கு. அடியில உள்ளது எங்களுது இல்லை" என்றார்கள். உள்பக்கத்துக்கும் வெளித்தோலுக்கும் நடுவே, கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயின் மேல் சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எல்லோர் கழுத்திலும் இருக்கிறது. அந்த மருத்துவமனையின் வரைபடத்தில் மட்டும் அது இரண்டு பிரிவுகளுக்கு இடையே யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காக இருந்தது.

கடைசிச் சீட்டு ரத்தம் எடுக்குமிடத்துக்கு. அங்கே இருந்த பெண்ணை எல்லோரும் ஊசியக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் மோட்டாரக்காவின் கையைப் பிடித்ததும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, ஐஸ்பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருக்கு? நாடி ஐம்பத்திரண்டு, ரொம்ப மெதுவா ஓடுது. நீங்க என்ன ஓட்டப்பந்தயக்காரியா?"

"ஏணி ஏறவே முடியலை."

ஊசியக்கா அவள் கழுத்தைப் பார்த்தாள். பிறகு யார் அனுமதியும் கேட்காமல் அங்கே விரலை வைத்து, "முழுங்குங்க" என்றாள். மோட்டாரக்கா எச்சில் விழுங்கினாள். விரலுக்கடியில் ஏதோ மேலே ஏறி இறங்கியது. அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு அவளைத் தொட்டுப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

"பீரியட்ஸ் எப்படி?"

"அதுக்காகத்தான் வந்தேன். மத்ததெல்லாம் அது கூட வந்த சொந்தக்காரங்க."

"இல்லைக்கா. எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்க" என்றபடி ஊசியக்கா சீட்டின் அடியில் 'மற்றவை' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டு 'தைராய்டு' என்று எழுதினாள். "நான் டாக்டர் இல்ல, எழுதக் கூடாது. ஆனா இந்தச் சீட்டை யாரும் படிக்க மாட்டாங்க. நாளைக்கு ரிசல்ட்டை நீங்களே படிச்சிடுங்க."

யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஊசியக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது, அரைவாசி.

பரிசோதனைத் தாளில் இரண்டு எண்கள் சிவப்பில் வந்தன. டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அறுபத்திரண்டு. நான்கரைக்குள் இருக்க வேண்டியது. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. தைராய்டு சுரக்கும் தைராக்சின் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. அந்த மருத்துவமனையில் மேல் அம்பு உள்ளவை அதிகப் பிரிவுக்கும் கீழ் அம்பு உள்ளவை குறைவுப் பிரிவுக்கும் போக வேண்டும். ஒரே தாளில் இரண்டும் இருந்ததால், பதிவறைக்காரர் ஸ்கேலை வைத்து நடுவில் கோடு போட்டு, தாளை நேர்த்தியாக இரண்டாகக் கிழித்து, இரண்டு தளங்களுக்கு அனுப்பிவிட்டார்.

அதிகப் பிரிவின் தலைவர் பெருமையோடு விளக்கினார். "எங்களுக்கு மேல் அம்பு இருந்தாப் போதும். எந்தச் சத்தோட எண், எந்தச் சுரப்பியோட எண்ங்கறதெல்லாம் பார்த்தா பாரபட்சம் வந்திடும். அதனால பேர் இருக்கற பத்தியை மடிச்சு வச்சிட்டுத்தான் படிப்போம். அதிகமா இருக்கு, குறைக்கணும். தீர்ந்தது."

"தைராய்டு கம்மியா வேலை செய்யுதுன்னு தாளைப் பார்த்துட்டு ஊசியக்கா சொன்னாங்க சார்."

"கம்மின்னா குறைவுப் பிரிவு. எதிர் கட்டடம்."

எதிர் கட்டடத்தின் தலைவர் கையிலிருந்த அரைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குறைவு. கூட்டணும். ஆனா அதிகப் பிரிவு குறைக்கணும்னு எழுதியிருக்காங்களே. ஒரே ஆளுக்குக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. குழுவுக்கு அனுப்பறேன்."

அறுவைக் குழு ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மோட்டாரக்காவுக்கு நாற்காலி இல்லை. இரண்டு நாளுக்கு முன் மறுபடி ரத்தப்போக்கு ஆரம்பித்திருந்ததால் அவளுக்கும் உட்கார விருப்பமில்லை. காலை மாற்றி மாற்றி நின்றாள்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அதிகப் பிரிவு ஒன்றைக் குறைக்கச் சொல்கிறது. குறைவுப் பிரிவு ஒன்றைக் கூட்டச் சொல்கிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆகவே ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று இக்குழு மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறது. எஞ்சியிருப்பது கர்ப்பப்பை மட்டுமே. புகார் அங்கிருந்துதான் வருகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் புகார் எங்கிருந்து வரும்? சென்ற ஆண்டு நம் மருத்துவமனையில் முடிக்கப்படாத கோப்பு என்று ஒன்றுகூட இல்லை. முடிக்கப்படாத நோயாளிகள் சிலர் இருக்கலாம். அது வேறு பதிவேடு."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு" என்றார் டாக்டரம்மா. கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

மோட்டாரக்கா ஓரடி முன்னே வந்தாள். ஏழு 'அடுத்த வருஷ'ங்களும் ஒரு 'இந்த வருஷ'மும் அந்த மேசை மேல் ஒரு கோப்புக்குள் மூடப்படுவதைப் பார்த்தாள். "இருங்க" என்றாள். கட்டிப்போன குரல் கரகரத்தது. "இருங்க சார். நான் பம்ப் ஓட்டறவ. ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கறேன்."

இரண்டு அரைத்தாள்களையும் இரண்டு கோப்புகளிலிருந்து அவளே எடுத்தாள். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து, இரண்டையும் சேர்த்து மேசைமேல் ஒட்டினாள்.

"எங்க நிலையத்துல மேல ஒரு தொட்டி இருக்கு. கீழ பம்ப் இருக்கு. நடுவுல ஒரு கண்ட்ரோல் பெட்டி. தொட்டியில தண்ணி குறைஞ்சா பெட்டி பம்புக்குச் சிக்னல் அனுப்பும். தண்ணி ஏறினா சிக்னலைக் குறைக்கும். பம்ப் தேஞ்சு போச்சுன்னு வைங்க. பெட்டி கூப்பிடும், பம்ப் எழுந்திருக்காது. இன்னும் சத்தமாக் கூப்பிடும், அப்பவும் எழுந்திருக்காது. கடைசியில சிக்னல் முள்ளு சிவப்புல போய் நிக்கும். புதுசா வந்த ஒரு ஆபரேட்டர் அந்த முள்ளைப் பார்த்துட்டு, ஐயோ அதிகமா ஓடுதுன்னு பம்பை நிறுத்திட்டார். ரெண்டு நாள் ஊருக்கே தண்ணி இல்ல."

அவள் டேப் ஒட்டிய தாளில் விரலை வைத்தாள்.

"மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்குன்னு ஊசியக்கா சொன்னாங்க, அதான் பெட்டி. கழுத்துல இருக்கறது பம்ப். இந்த அறுபத்திரண்டு பெட்டி போடற கூச்சல். இதோ, கீழ் அம்பு, இதான் தண்ணி. கூச்சல் அதிகமா இருக்கறதே தண்ணி குறைஞ்சதாலதான். இது ரெண்டு கோளாறு இல்ல சார், ஒண்ணு. நீங்க நடுவுல கிழிச்சிட்டீங்க."

கண்காணிப்பாளர் டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அதுக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் கண்காணிப்பாளர். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. டாக்டரம்மாதான் மெதுவாகத் தொடங்கினார், கல்லூரியில் படித்தது பல வருடம் கழித்து நாக்கில் ஏறியதுபோல.

"பம்ப் எழுந்திருக்கலைன்னு மூளை கத்தும்போது, அந்தக் கத்தல் பக்கத்து அறைக்கும் கேக்கும் சார். பால் சுரக்க வைக்கிற ஹார்மோனும் சேர்ந்து எழுந்துக்கும். அது ஏறினா, கைக்குழந்தை இருக்குன்னு நினைச்சு உடம்பு கருமுட்டையை விடாம நிறுத்தி வச்சிடும். முட்டை வெளிய வந்தாத்தான் கர்ப்பப்பையோட உள்சுவருக்கு 'போதும், வளராதே'ங்கற உத்தரவு போகும். உத்தரவு வரலைன்னா அது பாட்டுக்குத் தடிச்சுக்கிட்டே போகும். எழுபது நாள் வராது. தாங்க முடியாம உதிர ஆரம்பிச்சா நிக்காது. தைராய்டு குறைஞ்சா ரத்தம் உறையறதும் மந்தமாயிடும், அதனால இன்னும் அதிகமாப் போகும்." அவர் மோட்டாரக்காவைப் பார்த்தார். "கர்ப்பப்பை மேல தப்பில்ல. அதுக்கு உத்தரவு சரியா வரலை. நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"கேட்டீங்க டாக்டர். ஆறு சீட்டு கொடுத்தீங்க."

குறைவுப் பிரிவின் தலைவர் துள்ளி எழுந்தார். "அப்ப பம்ப் குறைவுதானே! இந்த நோயாளி எங்களுக்குச் சொந்தம்!" மருத்துவத்தைவிட எல்லையை வென்ற மகிழ்ச்சிதான் அவருக்கு அதிகம் என்றாலும், அவர் எழுதிய சீட்டு சரியான சீட்டு. தைராக்சின் மாத்திரை, தினமும் காலையில் ஒன்று. கண்காணிப்பாளர் வெள்ளிக்கிழமையை ரத்து செய்யவில்லை, தள்ளி வைத்தார். ஆறு வாரத்தில் எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அறுவை.

மருந்தகத்தின் ஜன்னலுக்கு மேலே ஒரு கேடயம் மாட்டியிருந்தது. 'ஒரு நோயாளி, ஒரு பொட்டலம், ஒரு வேளை' என்ற திட்டத்துக்குக் கிடைத்த பரிசு. மருந்தாளர் தைராக்சினையும் டாக்டரம்மா முன்பு எழுதிய இரும்புச்சத்து மாத்திரையையும் ஜோடி ஜோடியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு குட்டிப் பொட்டலமாக ஸ்டேப்ளர் அடித்து நீட்டினார்.

"காலையில டீயோட சேர்த்து ரெண்டையும் போட்டுக்குங்க. மறக்கவே மாட்டீங்க."

அவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை. நாற்பத்திரண்டு நாள், நாற்பத்திரண்டு பொட்டலம். அவ்வளவு நாளும் மோட்டாரோடு முதுகைச் சாய்த்தே நின்றாள். ஆறு வாரம் கழித்து எண் ஐம்பத்தைந்து.

"இறங்கவில்லை" என்றார் கண்காணிப்பாளர். "மாத்திரை தோற்றது. வியாழக்கிழமை."

அன்று மாலை நிலையத்துக்குப் போனவள் நிற்காமல் நடந்தாள். முதல் மோட்டாரிலிருந்து மூன்றாவது வரை, மூன்றாவதிலிருந்து முதல் வரை. மாத்திரை உள்ளே போகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஒரு பம்ப் புதிதாகப் போட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கே பார்ப்போம்? குழாயில் பார்ப்போம். நடந்துகொண்டே இருந்தவள் மருந்து கலக்கும் இடத்தில் நின்றாள். அங்கே சுண்ணாம்புக்கு ஒரு குழாய், படிகாரத்துக்கு ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவே பத்தடி இடைவெளி. அந்தப் பத்தடியை வைத்ததே அவள்தான். முன்பு இரண்டையும் ஒரே இடத்தில் விட்டபோது ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, கட்டியாகி, தண்ணீரில் கலக்காமலே அடியில் போய்ப் படுத்தன. மருந்து போட்ட கணக்கு சரியாக இருந்தது. தண்ணீர்தான் கலங்கியே இருந்தது.

உடனே ஊசியக்காவுக்குப் போன் போட்டாள். "ஊசியக்கா, இரும்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் சேர்த்துப் போட்டா என்ன ஆகும்?"

"சேர்த்தா போடறீங்க? யாரு சொன்னா? ரெண்டும் வயித்துக்குள்ளயே கட்டிக்கிட்டுப் படுத்துக்கும்க்கா! முக்கால்வாசி உடம்புல ஏறாது. டீயும் கெடுக்கும்."

"கேடயம் வாங்கின திட்டமாம்."

"தூக்கிப் போடுங்க அந்தப் பொட்டலத்தை. மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஸ்டேப்ளர் பின்னை மட்டும்."

வழி தெரிந்துவிட்டது. ஆனால் அது வேலை செய்ய ஆறு வாரம் வேண்டும். வியாழனுக்கோ இரண்டு நாள்தான் இருந்தது. கண்காணிப்பாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவருடைய உதவியாளர், "தள்ளி வைக்கிறதுக்கு ஒரு தடவைதான் சட்டத்துல இடம்" என்றார். "வர மாட்டேன்னு சொன்னா கோப்பு ஒத்துழையாமைன்னு முடிஞ்சிடும். அப்புறம் மாத்திரை, பரிசோதனை எதுவும் கிடையாது." கணவன், "வேணும்னா பஸ்ஸைக் கொண்டுபோய் தியேட்டர் வாசல்ல குறுக்க நிறுத்திடட்டுமா?" என்றான். பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். மறு பாதியை நினைத்து அவள் பயந்தாள்.

புதன்கிழமை காலையில் மறுபடி ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக மோட்டாரக்கா அதை வாசல் வரை போய் வரவேற்றாள்.

வியாழக்கிழமை தியேட்டரில் விளக்குகள் எரிந்தன. பச்சை உடை போட்டவர்கள் கைகழுவிவிட்டு நின்றார்கள். முகப்பில் மோட்டாரக்கா அறுவைச் சேர்க்கைப் படிவத்தை டோக்கன்காரரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"தேதி எங்கம்மா?"

ஆறு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

"இன்னும் நிக்கலைங்க" என்றாள்.

"போன தடவை முடிஞ்சது?"

"அது முந்தினது ஆயிடுச்சே. நீங்கதானே சொன்னீங்க?"

டோக்கன்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தன் பாடத்தை இவ்வளவு சரியாகப் படித்த ஒரு மாணவியை அவர் அதுவரை கண்டதில்லை. மேலே தியேட்டரிலிருந்து மூன்று முறை ஆள் வந்தது, நான்காம் முறை கண்காணிப்பாளரே வந்தார். "அனுப்புங்க அவங்களை!"

"எப்படி சார் அனுப்பறது? நடப்புக்குக் கட்டம் இல்லையே. நீங்க கையெழுத்துப் போட்ட படிவம்தான்." டோக்கன்காரர் படிவத்தின் அடியிலிருந்த கையெழுத்தைக் காட்டினார். கண்காணிப்பாளர் தன் கையெழுத்தைப் பார்த்தார், படித்தார், அதற்குக் கட்டுப்பட்டார்.

"நின்ன பிறகு வாங்கம்மா" என்றார் டோக்கன்காரர். அது ஒத்துழையாமை இல்லை என்பதால் கோப்பு திறந்தே இருந்தது.

"கண்டிப்பா வர்றேங்க."

நின்றது. ஆனால் நின்ற மறுநாள் தியேட்டர் காலியாக இல்லை. அதற்கடுத்து மூன்று வாரம் வெள்ளையடித்தார்கள். அதற்குள் அவள் இரண்டு மாத்திரைகளையும் தனித்தனியாகப் போட ஆரம்பித்து ஆறு வாரம் ஓடிவிட்டது. எண் பதினொன்று. இன்னும் ஆறு வாரம், எண் மூன்று. ஆண்டறிக்கையில் இந்தச் சாதனைக்கு அதிகப் பிரிவும் குறைவுப் பிரிவும் ஆளுக்குப் பாதிப் பக்கம் எழுதிக்கொண்டன.

மோட்டாரக்கா நாற்பது படிகளையும் ஏறினாள். இரண்டாம் நம்பர் மோட்டார் தனியாக நின்றது. இருபத்தொன்பது நாளில் ஒரு முறை வந்தது, ஐந்து நாளில் நின்றது. அடுத்தது முப்பதில். அதற்கடுத்தது மறுபடி இருபத்தொன்பதில். அவள் கணவன் நாள்காட்டியைப் பார்த்து, "நம்ம பஸ்ஸைவிட நேரத்துக்கு வருது" என்றான்.

"இந்த வருஷம்னு சொன்னோமே" என்றாள் அவள்.

"மறக்கலை" என்றான்.

மருந்தகத்து ஜன்னலில் அடுத்த மாத மாத்திரையை வாங்கப் போனபோது மருந்தாளர் வழக்கம்போல் ஸ்டேப்ளரை எடுத்தார். மோட்டாரக்கா அவர் கையைப் பிடித்தாள். இப்போது அவள் கை சூடாக இருந்தது. இரண்டு உறைகளைக் கேட்டு வாங்கி, அவருடைய பேனாவாலேயே ஒவ்வொன்றின் மேலும் எழுதினாள்.

முதல் உறையில்: தைராய்டு மாத்திரை. காலை எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்து டீ.

இரண்டாவது உறையில்: இரும்பு மாத்திரை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் உறைக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம்.